ஜான் ராய் லிஞ்சின் நினைவுகள்: எந்த அளவுக்கு நம்பலாம்?

தாழ்வாரம் எழுதியது:

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் நடந்த மறுசீரமைப்பை, அதாவது விடுதலையான கறுப்பினத்தவருக்கு உரிமை தந்து அம்மாநிலங்களை மீண்டும் நாட்டோடு இணைத்த முயற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாஷிங்டனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1865-இல் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, 1868-இல் 14-ஆவது திருத்தம் குடியுரிமை தந்தது, 1870-இல் 15-ஆவது திருத்தம் வாக்குரிமையில் நிறம் பார்க்கக் கூடாது என்றது என வரிசையாகச் சொல்லிவிட்டு, இவ்வளவும் இருந்தும் எல்லாம் ஏன் சரிந்தது என்று கேட்கிறார்கள். சில மாதங்களாக நான் படித்துவரும் ஜான் ராய் லிஞ்சின் நினைவுகள் அந்தக் கேள்விக்குக் கீழிருந்து விடை தேட வைக்கின்றன.

லிஞ்ச் 1847-இல் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய தோட்ட மேற்பார்வையாளர், தாய் அடிமைப்பெண். தாயின் நிலையே பிள்ளைக்கும் என்பது அன்றைய சட்டம். மனைவியையும் பிள்ளைகளையும் விலைகொடுத்து வாங்கி விடுவித்துவிட வேண்டும் என்று தந்தை முயன்றார். அது கைகூடுவதற்குள் 1849-இல் நோய்வாய்ப்பட்டு, அவர்களை விடுவிக்கும் பொறுப்பை நம்பிக்கையின் பேரில் ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். அந்த நண்பர் அவர்களை விற்றுவிட்டார். நம்பிக்கையின் பேரில் கைமாறிய உரிமைக்குச் சட்டத்தில் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது லிஞ்சுக்கு இரண்டு வயதிலேயே நேர்ந்துவிட்டது.

1863-இல் வடக்கின் படை நாச்செஸ் நகருக்கு வந்தபோது அவருக்கு விடுதலை கிடைத்தது. அங்கே ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தபடி, நான்கு மாதம் மட்டுமே நடந்த இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றார். நிலையத்தின் பின்புறம் ஒரு குறுகிய சந்து. சந்துக்கு அப்பால் வெள்ளையர் பிள்ளைகளின் பள்ளி. இரு கட்டடங்களின் சன்னல்களும் திறந்திருக்கும் பொழுதுகளில் ஆசிரியரின் குரலும் கரும்பலகையும் அவருக்கு எட்டின. கைவேலை ஓய்ந்த நேரமெல்லாம் அங்கே நின்று அந்தப் பாடங்களைக் கேட்டார்.

1869-இல், 21 வயதில், அவர் அந்நகரின் சமாதான நீதிபதியாக நியமிக்கப்பட்டார். சிறு வழக்குகளை விசாரித்து அபராதம் விதிக்கும், பிடியாணை பிறப்பிக்கும் பதவி அது. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், 1865 நவம்பரில் மிசிசிப்பி சட்டமன்றம் இயற்றிய கறுப்பினத்தவருக்கான தனிச்சட்டங்களை நடைமுறைப்படுத்தியது இதே பதவிதான். வேலை ஒப்பந்தம் கையில் இல்லாத கறுப்பின மனிதரை நாடோடி என்று முத்திரை குத்தி அபராதம் விதிப்பதும், அபராதம் கட்ட இயலாதவரின் உழைப்பை ஏலம் போல அடுத்தவருக்கு ஒப்படைப்பதும் இந்தச் சின்ன நீதிபதியின் மேசையில்தான் நடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து அதே வகை மேசைக்குப் பின்னால் ஒரு முன்னாள் அடிமை அமர்ந்தார். எந்தத் திருத்தமும் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடுவது அங்கேதான் என்பது என் எண்ணம்.

பின்னர் அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, 1872 சனவரியில், 24 வயதில், அவைத்தலைவரானார். 1873 முதல் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். 1913-இல் 'தி ஃபேக்ட்ஸ் ஆஃப் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற நூலை எழுதினார். 1939-இல் அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1970-இல், விரிவான தன்வரலாறும் அச்சேறியது. என் கேள்வி இதுதான்: 1875 நவம்பரில் குடியரசுத் தலைவர் கிராண்டுடன் நடந்ததாக அவர் எழுதும் உரையாடலை நாம் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

—

வழக்குரை எழுதியது:

அந்த உரையாடலை அறியாதவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1875 இலையுதிர்காலத் தேர்தலை, மறுசீரமைப்பை எதிர்த்த மிசிசிப்பி சனநாயகக் கட்சியினர் ஆயுதம் தாங்கிய அணிகளைக் கொண்டும் அச்சுறுத்தலைக் கொண்டும் கைப்பற்றினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கிளின்டன் ஊரில் ஒரு குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் தொடங்கிய கலவரம், அடுத்த நாட்களில் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொல்வதில் முடிந்தது. ஆளுநர் ஏம்ஸ் மத்தியப் படையைக் கேட்டார், படை வரவில்லை. தேர்தல் முடிந்தபின் லிஞ்ச் வெள்ளை மாளிகைக்குச் சென்று ஏன் என்று கேட்க, கிராண்ட் தாம் படை அனுப்ப முடிவு செய்திருந்ததாகவும், ஒஹையோவிலிருந்து வந்த தம் குடியரசுக் கட்சிக்காரர்கள் அப்படிச் செய்தால் அக்டோபரில் நடக்கும் தங்கள் மாநிலத் தேர்தல் கைவிட்டுப் போகும் என்று வற்புறுத்தியதால் பின்வாங்கியதாகவும் ஒப்புக்கொண்டார் என்பது லிஞ்ச் எழுதுவது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக உரிமையியல் நீதிமன்றங்களில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து வருகிறேன். நீண்ட காலத்துக்கு முன் நடந்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கும் சாட்சியிடம் எனக்கு எப்போதும் ஐயம் வரும். பேச்சு மறந்துபோய், யார் எங்கே உட்கார்ந்திருந்தார், பத்திரம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று மட்டும் சொல்லும் சாட்சியிடம் நம்பிக்கை வரும். லிஞ்ச் 38 ஆண்டுகளுக்குப் பிறகு, குடியரசுத் தலைவர் பேசியதைப் பத்தி பத்தியாக நேர்கூற்றில் எழுதுகிறார். கிராண்ட் 1885-லேயே இறந்துவிட்டார், மறுக்க ஆளில்லை. இதை நான் நேரடிச் சான்றாக ஏற்க மாட்டேன்.

அதே வேளையில், சூழ்நிலைச் சான்றுகள் அவர் பக்கம் இருக்கின்றன. ஒஹையோவில் ஆளுநர் தேர்தலில் நின்றவர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ். அவர் ஏறத்தாழ 5,500 வாக்கு வேறுபாட்டில்தான் வென்றார். அந்த வெற்றிதான் அவரை மறு ஆண்டு குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கியது. எனவே ஒஹையோக்காரர்களுக்கு அச்சம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தென்னகத்தில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் வரும் கலவரங்களால் மக்கள் சலித்துவிட்டார்கள் என்று கிராண்ட் எழுதிய கடிதத்தை, சட்டத்துறைத் தலைவர் பியர்பாண்ட் தமக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து ஏம்ஸுக்கு அனுப்பினார். முழுக் கடிதத்தில், தேவைப்பட்டால் படையை உறுதியோடு பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தும் இருந்தது. ஆகவே கிராண்டின் மனம் இரண்டு பக்கமும் இழுபட்டது என்பது லிஞ்சின் சொல்லை நம்பாமலேயே நிறுவத்தக்கது.

—

கிளாலிக்கரை எழுதியது:

தாழ்வாரம் ஐயா, சமாதான நீதிபதி என்று நீங்கள் எழுதியதை எங்கள் பக்கம் சமாதான நீதவான் என்போம். இலங்கையில் இன்று அந்தப் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆவணங்களில் ஒப்பமிட்டு உறுதிப்படுத்துகிறவர்கள், வழக்கு விசாரிப்பதில்லை. அதனால் எங்கள் வாசகர்கள் லிஞ்சின் பதவியை ஒரு மரியாதைப் பட்டமாக எண்ணிவிடக்கூடும். அவர் உண்மையிலேயே தீர்ப்புச் சொன்னவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. சட்டம் படிக்காத, முறையான பள்ளிப்படிப்பு நான்கு மாதங்களைத் தாண்டாத 21 வயது இளைஞர் எப்படி நியமிக்கப்பட்டார்? நியமித்தவர் யார்?

—

தாழ்வாரம் எழுதியது:

கிளாலிக்கரை ஐயா சுட்டிக்காட்டிய வேறுபாடு எழுதும்போது என் நினைவுக்கு வரவில்லை, நன்றி. அன்று மிசிசிப்பி இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. நியமித்தவர் இராணுவ ஆளுநராக இருந்த அடெல்பெர்ட் ஏம்ஸ். பின்னாளில் படை கேட்டுக் கிடைக்காமல் போன அதே ஏம்ஸ்தான். அமெரிக்காவில் சமாதான நீதிபதிக்குச் சட்டப்படிப்பு கட்டாயமாக இருக்கவில்லை. வெள்ளை நீதிபதிகளிலும் விவசாயிகளும் கடைக்காரர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். எனவே லிஞ்சின் படிப்பின்மையை மட்டும் குறையாகக் காட்டுவது நியாயமாகாது.

பதவி ஏற்பதற்குச் சொத்துள்ளவர்கள் பிணை நிற்க வேண்டும் என்பது விதி. நேற்று வரை தாங்களே சொத்தாகக் கருதப்பட்ட இனத்திலிருந்து, சொந்த நிலமோ வீடோ வைத்திருந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. நாச்செஸில் அப்படிச் சொத்து வைத்திருந்த கறுப்பின மனிதர்கள் முன்வந்து கையெழுத்திட்டதால்தான் நியமனம் செல்லுபடியானது. ஆளுநரின் உத்தரவு இருந்தும், அந்தக் கையெழுத்துகள் இல்லாவிட்டால் அவர் நீதிபதி ஆகியிருக்க முடியாது. இந்தச் சிறு நடைமுறையை அவர் விடாமல் நினைவில் வைத்திருந்து எழுதியதுதான், வழக்குரை ஐயா சொன்ன, பத்திரம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று சொல்லும் சாட்சியை எனக்கு நினைவூட்டுகிறது.

இதே ஊரைச் சேர்ந்த போதகர் ஹைராம் ரெவல்ஸ் 1870 சனவரியில் மாநில மேலவையைத் தொடங்கிவைத்து ஆற்றிய வேண்டுதலே அவரை அமெரிக்க செனட்டுக்கு அனுப்பியது என்று லிஞ்ச் எழுதுகிறார். உள்நாட்டுப் போரில் தெற்கின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் விட்டுச்சென்ற இடத்தில் அமர்ந்த முதல் கறுப்பின செனட்டர் அவர்.

—

பழைய ஏடு எழுதியது:

ஒரு திருத்தம். ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டர் என்பது சரி. டேவிஸின் இடம் என்பது அன்றைய மேடைகளில் புழங்கி, அப்படியே நிலைத்துவிட்ட பேச்சு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள். 1861-இல் மிசிசிப்பியின் இருவருமே வெளியேறினார்கள். ரெவல்ஸ் நிரப்பியது 1871 மார்ச்சில் முடியவிருந்த பதவிக்காலத்தை. அது ஆல்பர்ட் பிரவுன் வகித்த இடத்தின் தொடர்ச்சி. கேட்க நன்றாக இருக்கும் செய்தி எவ்வளவு எளிதாக ஆவணத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது என்பதைக் கவனிக்கவே இதைச் சொல்கிறேன்.

—

மணிமேடை எழுதியது:

எல்லோரும் லிஞ்சைச் சாட்சியாகவே பார்க்கிறீர்கள். அவர் முதலில் ஒரு கட்சிக்காரர். 1884-இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டின் தற்காலிகத் தலைவராக, தியோடர் ரூஸ்வெல்ட் போன்றவர்களின் ஆதரவோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதன் பிறகும் கட்சி ஆட்சியில் கருவூலத்தில் பதவி, இராணுவத்தில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி என்று வாழ்ந்தவர். மிசிசிப்பியில் தம் கட்சி நடத்திய ஆட்சியின் வரி உயர்வை அவர் விளக்கும் இடங்களில் வழக்காடும் தொனி தெளிவாகத் தெரிகிறது. அடிமைகளுக்குப் பள்ளியே கூடாது என்றிருந்த மாநிலத்தில் 1870-இல் பொதுப்பள்ளி முறையைத் தொடங்கினால் செலவு ஏறத்தான் செய்யும். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் தம் கட்சிக்குள் நடந்த பதவிச் சண்டைகளை, குறிப்பாக ஏம்ஸுக்கும் கட்சியின் இன்னொரு தலைவரான ஆல்கார்னுக்கும் இடையே 1873-இல் ஆளுநர் பதவிக்காக நடந்த பிளவை, அவர் மென்மையாகவே தொட்டுச் செல்கிறார். அந்தப் பிளவும் 1875 தோல்விக்கு வழிவகுத்தது என்பது என் கருத்து.

—

நெய்தல் எழுதியது:

மணிமேடை ஐயாவின் கருத்தை ஒருபுறம் ஏற்கிறேன். ஆயினும் 1913 என்ற ஆண்டை மறந்துவிடக் கூடாது. வில்சன் ஆட்சிக்கு வந்து வாஷிங்டனின் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்த ஆண்டு அது. மறுசீரமைப்பு என்பது அறியாதவர்களின் கொள்ளை ஆட்சி என்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்திய காலம். அதை மறுத்துச் சொல்ல, அந்த அவைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர். மிசிசிப்பி கறுப்பினத்தவரின் ஆதிக்கத்தில் கிடந்தது என்ற குற்றச்சாட்டுக்கு அவர் பதவிகளை எண்ணிக் காட்டியே விடை சொல்கிறார். 1869 தேர்தலில் நிரப்பப்பட்ட ஏழு மாநிலப் பதவிகளில் கறுப்பினத்தவர் வென்றது ஒன்றே ஒன்று. 1873-இல் ஏழில் மூன்று. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபோர்டு ரோட்ஸின் பிழைகளை எடுத்துக்காட்டி 1917-இல் அவர் எழுதிய கட்டுரையும் இதே வழியில் செல்கிறது. வழக்காடுகிறார் என்பது உண்மைதான். எதிர்த்தரப்பு தீர்ப்பையே எழுதி முடித்துவிட்ட பிறகு அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

என்னை உலுக்கிய பகுதி கிராண்ட் உரையாடல் அல்ல. கர்னல் லஸ்க் என்பவரின் கதை. அவர் வெள்ளையர், குடியரசுக் கட்சிக்காரர். 1875-க்குப் பிறகு, தம்மைப் பின்பற்றிய கறுப்பினத் தொண்டர் ஒருவரை அழைத்து, இனி இந்தக் கட்சியில் இருக்க என்னால் முடியாது என்று சொல்கிறார். தென்னகத்தில் வேறு கட்சியோடு நிற்கும் வெள்ளையருக்குச் சமூகத்தில் இடமில்லை, அரசியலில் எதிர்காலமில்லை. தமக்கு என்றால் தாங்கிக்கொள்ளலாம், வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்களே என்பது அவருடைய வாதம். துப்பாக்கி கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கியது; ஊர்விலக்கம் என்ற அச்சம் வெள்ளைத் தோழர்களை அவர்களிடமிருந்து விலக்கியது. இரண்டாவது வேலைக்கு ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. இதைக் கசப்பில்லாமல், லஸ்க் நல்ல மனிதர் என்ற மதிப்போடு எழுத முடிந்தது லிஞ்சின் பெருமை.

இன்னொன்று, அவருடைய 1875 பிப்ரவரி உரை. இது நினைவிலிருந்து எழுதியது அல்ல. அவைப் பதிவில் இருப்பது. குடிமை உரிமைகள் மசோதாவுக்கு ஆதரவாகப் பேசும்போது, மிசிசிப்பியின் செல்வமிக்க ஒரு தொகுதியின் பிரதிநிதியான தாம், சட்டம் இயற்றத் தலைநகருக்கு வரும் வழியில் கென்டக்கி, டென்னசி மாநிலங்களைக் கடக்கையில், பயணச்சீட்டுக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தும், இரவும் பகலும் அழுக்கேறிய புகைபிடிப்போர் பெட்டியில் குடிகாரர்களோடும் சூதாடிகளோடும் குற்றவாளிகளோடும் அடைக்கப்படுவதைச் சொன்னார். மசோதா அடுத்த மாதமே சட்டமானது. 1883-இல் உச்ச நீதிமன்றம், தனியார் செய்யும் பாகுபாட்டை 14-ஆவது திருத்தம் தடுக்காது என்று சொல்லி அதன் உயிர்ப்பகுதியை நீக்கியது. ஒன்பது நீதிபதிகளில் மாறுபட்டவர் ஹார்லன் ஒருவரே, அவரும் கென்டக்கிக்காரர்.

—

வழக்குரை எழுதியது:

நெய்தல் அம்மா அவைப் பதிவைக் குறிப்பிட்டது நல்ல வழி. லிஞ்சின் நினைவை ஆவணத்தோடு ஒப்பிடக் கூடிய இடம் ஒன்று இருந்தால் அங்கே அவர் எப்படித் தேறுகிறார் என்று பார்க்க வேண்டும். அப்படி ஓர் இடம் 1880 தேர்தல்.

1876-இல் மாநிலத்தின் புதிய ஆட்சி, கறுப்பின வாக்காளர்கள் மிகுந்த பகுதிகளை ஆற்றங்கரையோரமாக ஒரே நீண்ட தொகுதிக்குள் அடைத்தது. பார்ப்பதற்குச் செருப்பு நாடா போல் இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அந்த ஒரு தொகுதியாவது எதிர்த்தரப்புக்குக் கிடைக்க வேண்டுமல்லவா? 1880-இல் லிஞ்சுக்கு எதிராக வென்றதாக அறிவிக்கப்பட்டவர் ஜேம்ஸ் சால்மர்ஸ். 1864-இல் சரணடைந்த கறுப்பினப் படைவீரர்கள் கொல்லப்பட்ட ஃபோர்ட் பில்லோவில் தெற்கின் படைப்பிரிவை நடத்திய தளபதி.

லிஞ்சுக்கு விழுந்த வாக்குகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. காரணத்தைக் கேளுங்கள். அன்று வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. கட்சிகள் அச்சிட்டுக் கொடுத்தன. வெள்ளைத்தாளில், வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். லிஞ்சின் சீட்டில் ஒரு பதவியின் பெயருக்கும் அடுத்ததற்கும் இடையே அச்சுக்கோப்பவர் வழக்கமாக வைக்கும் சிறு கோடு இருந்தது. அந்தக் கோட்டை அடையாளம் என்று கொண்டு, சீட்டுகளைக் கட்டுக்கட்டாகத் தள்ளினார்கள். வாக்கின் இரகசியத்தைக் காக்க எழுதப்பட்ட விதி, வாக்கையே அழிக்கப் பயன்பட்டது.

தன் உறுப்பினரின் தேர்தலுக்குத் தானே நீதிபதி என்ற அதிகாரம் அரசியல் சட்டப்படி பிரதிநிதிகள் சபைக்கு உண்டு. சாட்சியங்கள் எடுக்கப்பட்டு, குழு ஆராய்ந்து, 1882 ஏப்ரல் 29 அன்று சபை லிஞ்சை அமர்த்தியது. இரண்டாண்டுப் பதவிக்காலத்தில் ஓராண்டுக்கும் மேல் கழிந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த அடுத்த தேர்தலில் சில நூறு வாக்குகளில் தோற்றார். இந்த வழக்கைப் பொறுத்தவரை அவர் சொல்வதன் சாரம் அச்சான ஆவணங்களோடு பொருந்துகிறது. நடைமுறைகளைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம் என்று இதனால் முடிவுக்கு வருகிறேன். நேர்கூற்றுகளை மட்டும் தள்ளியே வைப்பேன்.

—

மணிமேடை எழுதியது:

அச்சுக்கோடு பற்றி நான் அறிந்ததில்லை. கட்சிக்காரர் என்ற என் கருத்தை மாற்றவில்லை. ஆனால் அவர் எதற்காக நடைமுறைகளை இவ்வளவு விரிவாக எழுதினார் என்பது இப்போது புரிகிறது. 1890-இல் மிசிசிப்பி எழுதிய அரசியல் சட்டமும் இதே தடத்தில்தான் சென்றது. அதில் கறுப்பினத்தவர் என்ற சொல்லைச் சொல்லி வாக்குரிமையைப் பறிக்கவில்லை. இரண்டு டாலர் தலைவரி. அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். பொருள் சரியா என்று தீர்மானிப்பவர் பதிவு அலுவலர். அந்தச் சட்டம் மக்களின் ஒப்புதலுக்கு விடப்படவே இல்லை. 1898-இல் உச்ச நீதிமன்றம் வில்லியம்ஸ் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டது. லிஞ்ச் 1896-இல் மிசிசிப்பியில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் என்பதால், தம்மை வெளியேற்றிய சட்டத்தின் கீழேயே அவர் வழக்காட அனுமதி பெற்றார் என்று ஆகிறது.

—

தாழ்வாரம் எழுதியது:

அந்தப் பதிவு பெற்றபின் அவர் அங்கே தொழில் நடத்தத் தங்கவில்லை. வாஷிங்டனில் ராபர்ட் டெரலுடன் சேர்ந்து அலுவலகம் வைத்தார். பிற்காலத்தில் சிகாகோவில் வழக்காடினார்.

மணிமேடை ஐயாவுக்கு ஒரு செய்தி. 1873-இல் அவைத்தலைவர் பணி முடிந்தபோது, இரு கட்சி உறுப்பினர்களும் பணம் போட்டு அவருக்குச் சங்கிலி கோத்த சட்டைப்பைத் தங்கக் கடியாரம் ஒன்றைப் பரிசளித்தார்கள். நடுநிலையாக அவையை நடத்தினார் என்று எதிர்க்கட்சியினரும் பாராட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1875-இல், அந்த எதிர்க்கட்சிதான் அச்சுறுத்தலைத் திட்டமாகக் கொண்டு தேர்தலை நடத்தியது. அவருடைய நேர்மையில் குறை கண்டு அவர்கள் அந்த ஆட்சியை வீழ்த்தவில்லை என்பதற்கு அந்தக் கடியாரத்தை நான் சான்றாக வைப்பேன்.

கிராண்ட் பகுதியைத் தமிழில் தர வேண்டும் என்று இருவர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டேன். வழக்குரை ஐயாவின் சொல்லை ஏற்று, குடியரசுத் தலைவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் இடாமல், அவர் கூறியதாக லிஞ்ச் எழுதுகிறார் என்றே அயற்கூற்றில் தரப்போகிறேன். லிஞ்ச் அன்று மாளிகைக்குச் சென்றதற்கு உடனடிக் காரணம் தம் தொகுதியில் ஓர் அஞ்சல் அலுவலர் நீக்கப்பட்டது; படை பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழுந்தது. அந்த அஞ்சல் அலுவலரின் செய்தியைச் சுருக்காமல் முழுதாகத் தருவேன். பதவியின் பெயரைச் சமாதான நீதவான் என்று கிளாலிக்கரை ஐயா சொன்னபடியே வைத்து, அவர் தீர்ப்புச் சொன்னவர் என்ற குறிப்பையும் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.